சுருதி இறங்காத பாட்டு

கை இறங்கிவிட்டது. இனி நினைத்தாலும் திரும்ப எடுக்க முடியாது, பிள்ளைகள் வாயைத் திறந்துவிட்டார்கள், "மலைவிட்டு இறங்கும் நீரே" என்று ஐம்பது சொச்சம் வாயும் ஒரே வாயாக ஆரம்பித்துவிட்டது, அந்த முதல் ‘ம’ ஒன்றாக விழுவதற்கு மட்டும் ஜூன் மாதம் முழுக்கச் செலவழித்திருக்கிறேன், உதட்டை மூடிட்டுத் திறங்கட்டி, முன்னாடியே திறந்தா கொட்டாவி விடுத மாதிரி இருக்கு என்று கத்திக் கத்தி என் தொண்டைதான் கட்டிப்போனது, ஆனால் இப்போது எப்படி விழுகிறது, பாளையங்கோட்டையில் இப்படி ஒரு ‘ம’ வேறெந்தப் பள்ளிக்கூடத்திலும் கிடையாது, இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை. வேறு யார் சொல்லப் போகிறார்கள், நானே சொல்லிக்கொள்ள வேண்டியதுதான். முதுகுக்குப் பின்னால் ஆசிரியர்கள் எல்லாரும் உட்கார்ந்திருக்கிறார்கள், முன் நாற்காலி கிரீச்சிடுகிறது, அது தாளாளர் தவமணி ஐயா. இந்த வருஷம்தான் பொறுப்புக்கு வந்தார், அதற்கு முன்னால் மோட்டார் பம்பு கம்பெனியில் இன்ஜினியர், நல்ல மனுஷன், வந்த உடனே இந்த ஹாலுக்கு மின்விசிறி மாற்றிக் கொடுத்தார், இப்போது அது சத்தமே போடாமல் சுற்றுகிறது, அந்தப் புண்ணியம் அவருக்கு. ஆனால் ஆண்டு விழாவுக்கு டிராக் போட்டுவிடலாம் என்கிறார். சென்னையில் யாரோ நாலு பேர் பாடி, பென் டிரைவில் வந்து இறங்கியிருக்கிறது. "பிள்ளைங்க வாயை மட்டும் அசைச்சாப் போதும் டீச்சர், தப்பே வராதுல்லா" என்றார். நான் அவர் மேஜைக்கு முன்னால் நின்றபடி, "தப்பு வரலாம் ஐயா, ஆனா எம் பிள்ளைங்க வாயை அசைக்க மாட்டாங்க, பாடத்தான் செய்வாங்க" என்றேன். என் குரல் கொஞ்சம் ஏறித்தான் போயிருந்தது. அவர் கோபப்படவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்குக் காது கிடையாது டீச்சர், பாட்டுல நல்லது கெட்டது தெரியாது. அளந்து காட்டுனா ஒத்துக்கிடுதேன்." அப்படி வந்ததுதான் இந்தப் பரீட்சை. கம்ப்யூட்டர் ஆசிரியர் செல்வின் கீபோர்டில் ஆரம்பச் சுரத்தை ஒரு தடவை கொடுப்பார், பிறகு எந்த வாத்தியமும் இல்லாமல் பிள்ளைகள் பாட வேண்டும். பாட்டு முடிந்ததும் செல்வின் அதே சுரத்தைத் திரும்ப அமுக்குவார். தொடங்கின இடத்திலேயே பாட்டு நின்றால் டிராக் வேண்டாம். நகர்ந்திருந்தால் பென் டிரைவ். அவ்வளவுதான்.

பம்புக்கு அழுத்தம் பார்க்கிற மாதிரி பார்க்கிறார், பார்க்கட்டும். வாத்தியம் இல்லாமல் பாடினால் சுருதி இறங்கும், எல்லாருக்கும் இறங்கும், பாடுகிறவர்களுக்கே தெரியாமல் வரிக்கு வரி கொஞ்சம் கொஞ்சமாக, உட்கார்ந்தவாக்கில் தூங்குகிறவன் தலை சாய்கிற மாதிரி. இரண்டாவது வரிசையில் ரஹ்மத் தோளைத் தூக்குகிறாள், தோளை விடு, விடுடி, கண்ணால் சொன்னேன், விட்டுவிட்டாள். கண்ணால் சொன்னால் போதும் என்பது சும்மா வந்ததில்லை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது பாட்டுப் பீரியட் என்றால் கணக்கு டீச்சருக்கு இன்னொரு பீரியட் என்று அர்த்தம். "கிருபா, நீ சும்மாதான இருக்க, பத்தாம் வகுப்பை எனக்குக் குடு" என்று குழம்புக்குக் கறிவேப்பிலை கேட்கிற மாதிரி வந்து கேட்பார்கள். கொடுத்துக் கொடுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் நான் கணக்குப் பீரியடுக்குள் நுழைந்து, "அக்கா, நீங்க சும்மாதான இருக்கீங்க, இந்த வகுப்பை எனக்குக் குடுங்க" என்றேன். ஆசிரியர் அறையில் இரண்டு வாரம் யாரும் என்னோடு டீ குடிக்கவில்லை. பீரியட் மட்டும் அதற்குப் பிறகு காணாமல் போகவில்லை. குரல் நன்றாக இருக்கிற பிள்ளையை மட்டும் சேர்த்துக்கொள், மிச்சத்தை அனுப்பிவிடு என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். ஒரு பிள்ளையையும் அனுப்பவில்லை. இதோ முத்துப்பேச்சி, நடு வரிசையில், ஆறாம் வகுப்பில் வந்தபோது அவள் குரல் எண்ணெய் காணாத சைக்கிள் செயின். சுருதி பிசகாத இரண்டு பேருக்கு நடுவில் நிறுத்தினேன், பாடாத, கேளு, கேக்கக் கேக்க உனக்கே வாய் வரும் என்றேன். ஒரு வருஷம் கேட்டாள். இரண்டாம் வருஷம் முணுமுணுத்தாள். இப்போது அவளுக்கு வலப்பக்கம் ஒரு புதுப் பிள்ளையை நிறுத்தியிருக்கிறேன், இவளைக் கேட்டுப் பாட. முதல் சரணம் முடிகிறது, மூச்சு, எல்லாரும் ஒன்றாக எடுத்தார்கள், அழகு.

இறங்கவில்லை. இறங்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். எனக்கு ஒன்றும் கடவுள் கொடுத்த காது இல்லை, எந்தச் சுரத்தையும் தனியாகக் கேட்டுப் பேர் சொல்கிற காது சிலருக்கு உண்டு, எனக்கு ஒன்றோடு ஒன்றை ஒட்டிப் பார்த்தால்தான் தெரியும், ஆரம்பத்தில் பிடித்த சுரத்தை மண்டைக்குள் ஒரு மூலையில் வைத்துக்கொண்டே கையை ஆட்ட வேண்டும், அது இப்போது இருக்கிறதா, இருக்கிறது, இல்லை, இது நான் பிள்ளைகளிடமிருந்து இப்போது எடுத்ததா, முன்பே வைத்திருந்ததா, சரி விடு, நோண்டாதே. இரண்டாம் சரணத்தில் மூன்று குரலும் பிரிகின்றன. முதல் குரல்காரிகள் மேலே போகிறார்கள், அவர்களுக்கு என்ன, மெட்டு அவர்களுடையது, கேட்கிறவர்கள் எல்லாம் அவர்களைத்தான் பார்ப்பார்கள். எனக்குப் பிடித்தது நடுவில் நிற்கிறவர்களும் அடியில் நிற்கிறவர்களும்தான். இந்த ஊரில் எத்தனை வீட்டில் என் இரண்டாம் குரல்காரிகள் இருக்கிறார்கள் தெரியுமா. மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நிற்பேன், பக்கத்தில் ஒருத்தி இடுப்பில் பிள்ளையோடு முனகிக்கொண்டிருப்பாள், அது பாட்டு மாதிரியே இருக்காது, ஒரே சுரத்தில் நாலு தட்டு, ஒரு படி இறங்கி இரண்டு தட்டு, கேட்கிறவர்களுக்கு இவளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று தோன்றும், எனக்குத் தெரியும், அது என் பாட்டின் இரண்டாம் குரல். மஸ்கட்டில் நர்ஸாக இருக்கிற பிளசி ஒருநாள் போனில் சொன்னாள். "டீச்சர், ராத்திரி டியூட்டில என்னை அறியாம பாடுதேன். கூட இருக்கவங்க இது என்ன பாட்டுன்னு கேக்காங்க, எனக்கு மெட்டுத் தெரியாதே டீச்சர், நான் ரெண்டாம் குரல், ஆல்டோல்லா." சிரித்தோம், போனை வைத்த பிறகும் சிரித்துக்கொண்டிருந்தேன், பிறகு துணி மடிக்கும்போதுதான் அது எனக்கு உறைத்தது. மெட்டே தெரியாமல், அடுத்தவளுடைய மெட்டுக்கு முட்டுக் கொடுக்கிற வரியை மட்டும் ஆயுசுக்கும் பத்திரமாக வைத்திருக்கிறவர்களை நான் உண்டாக்கியிருக்கிறேன். பென் டிரைவில் இதைப் பதிய முடியுமா. வாயை மட்டும் அசைத்துப் பழகின பிள்ளை எதை முனகும்.

மூன்றாம் சரணம், இதுதான் பள்ளம். இங்கேதான் எல்லாரும் விழுவார்கள், மெட்டு கீழே இறங்கி, நின்று, திரும்ப மேலே ஏற வேண்டும், ஏறும்போது ஒரு மயிரிழை குறைவாக ஏறினால் முடிந்தது கதை. ரொம்ப வருஷம் முன்னால் ஒரு போட்டிக்குப் போயிருந்தோம், எங்களுக்கு முன்னால் பாடின பிள்ளைகள் தேவதைகள் மாதிரி பாடினார்கள், நான் பொறாமையில் புடவைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டிருந்தேன், கடைசிச் சரணத்தில் ஆர்கன் வந்து சேர வேண்டும், சேர்ந்தது, சேர்ந்ததும் ஹால் முழுக்க முகம் சுளித்தது. பிள்ளைகள் முழுசாக ஒரு சுரம் இறங்கியிருக்கிறார்கள், ஆர்கன் மேலே, அவர்கள் கீழே, இரண்டும் மாட்டிக்கொண்டு இழுபட்டதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பல் கூசுகிறது. அந்த டீச்சரின் முதுகை மட்டும்தான் பார்த்தேன். கை நிற்கவில்லை, கடைசி வரை ஆட்டினாள், ஆனால் அந்த முதுகு. அன்றைக்கு ராத்திரியிலிருந்து என்னைப் பிடித்தது இந்தப் பயம். இறங்காதே, இறங்காதே. புருவத்தைத் தூக்குங்கடி, புருவம் மேலே இருந்தா சுருதி கீழ போகாது, எப்போதும் அடுத்த படிக்கட்டை நினைச்சுப் பாடுங்க, இதுதான் எனக்கு மந்திரம். பள்ளியில் என்னைப் புருவ டீச்சர் என்று கூப்பிடுகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் சாலமோனுக்கு மட்டும் எந்தப் புருவமும் பலிக்கவில்லை. கோயிலில் என் பக்கத்தில் நின்று பாடுவார், அது முதல் குரலும் இல்லை, இரண்டாம் குரலும் இல்லை, சாலமோன் குரல். தொடையில் கிள்ளினால் இன்னும் சத்தமாகப் பாடுவார். "ஆண்டவருக்குப் பாடுதேன், ஒனக்கா பாடுதேன்" என்பார். இன்று காலையில் டிபன் பாக்ஸை நீட்டிக்கொண்டே, "ஏன் இப்படிப் பதறுத, பிள்ளைங்க பாடிருவாங்க" என்றார். சுருதி தெரியாத மனுஷன் சொன்னால் ஆறுதலாக இருக்குமா, இருந்தது. பள்ளம் வந்துவிட்டது, இறங்குகிறார்கள், நின்றார்கள், என் இடது கை தானாக மேலே போகிறது, உள்ளங்கையைத் திருப்பித் தூக்குகிறேன், ஏறுங்க, புருவம், புருவம், ஐம்பது சொச்சம் ஜோடிப் புருவமும் ஏறிவிட்டது, ஏறிவிட்டார்கள், ஒருத்திகூடப் பின்தங்கவில்லை. அம்மாடி. என் இடது கையை இன்னும் இறக்க மனசு வரவில்லை, இறக்கினால் பிள்ளைகளும் இறங்கிவிடுவார்களோ என்று பயம், இருக்கட்டும், மேலேயே இருக்கட்டும்.

கடைசிச் சரணம். அடுத்த வருஷம் இந்நேரம் ஓய்வு பெற்று வீட்டில் இருப்பேன். அது எனக்குப் பெரிய துக்கம் இல்லை, அந்த இடத்துக்கு ஒருத்தி வருவாள், வரட்டும், ஆனால் அவள் வந்து பார்க்கும்போது இங்கே குரல் இருக்க வேண்டும், பென் டிரைவ் இருக்கக் கூடாது. ஒரு வருஷம் வாயை அசைத்தால் போதும், அடுத்த வருஷம் யாருக்கும் மூச்சு எங்கே எடுப்பது என்று தெரியாது. ஓரத்தில் செல்வின் கீபோர்டின் மேல் குனிந்திருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வாசிப்பார், மரியாதையான பையன், என்ன செய்கிறார், ஸ்பீக்கரில் காதை வைத்து ஏதோ அமுக்கிப் பார்க்கிறார், வயர் லூஸாக இருக்கும், இருக்கட்டும், நீ பிள்ளைகளைப் பார். பாட்டு அடிக்கு வருகிறது, ஹெப்சிக்கு வேலை வந்துவிட்டது. பன்னிரண்டாம் வகுப்பு ஹெப்சி, அடிக்குரல்காரிகளுக்குத் தலைவி, பாட்டின் கடைசிக் கீழ்ச் சுரம் அவளுக்குக் காற்றாகத்தான் வரும், குரலாக வராது, எத்தனையோ தடவை முயன்றுவிட்டோம், வரலைன்னா போகுது, காத்தாவே விடு, உன் காத்தே எனக்குப் போதும் என்று சொல்லிவிட்டேன். வருகிறது, இதோ, வந்துவிட்டது. காற்றா இது. குரலாகவே வந்துவிட்டதே, தெளிவாக, உருண்டையாக, ஹாலின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டதே. பார்த்தீர்களா ஐயா, பரீட்சை என்று வந்தால் என் பிள்ளைகள் இல்லாததையும் கொண்டுவருவார்கள். சிரிப்பு வருகிறது, அடக்கு, கையை நிறுத்து, கடைசி வார்த்தை, உதட்டை மூடு, மூடிவிட்டார்கள், ‘ம்’ மட்டும் ஹாலில் நிற்கிறது. செல்வின் அமுக்கினார். கீபோர்டின் சத்தம் பிள்ளைகளின் சத்தத்துக்கு மேல் வந்து அப்படியே பொருந்தியது, இம்மி நகராமல். பொருந்திவிட்டது. கண்ணில் குபுக்கென்று தண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவில்லை, எதற்கு மறைக்க வேண்டும். பின்னால் கைதட்டுகிறார்கள், தாளாளர் ஐயா எழுந்து நின்று தட்டுகிறார் போலிருக்கிறது, நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. திரும்பி வணக்கம் சொல்ல வேண்டும், சொல்லலாம், முதலில் பிள்ளைகளை ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன்.

ஒருத்தியும் சிரிக்கவில்லை. என்ன இது. ரஹ்மத் தொண்டையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். முதல் குரல்காரிகள் எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். முத்துப்பேச்சி உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள். ஹெப்சி மட்டும் என்னைப் பார்க்கிறாள், நேராக, கண் கலங்கியிருக்கிறது, ஏண்டி, அந்தச் சுரம் வந்துவிட்டதே, குரலாகவே, அந்தச் சுரம். ஐயோ. ஹெப்சிக்கு அந்தச் சுரம் கிடையாது. அவளுக்கு வந்தது அதற்கு மேலே உள்ளது. ரஹ்மத்துக்குத் தொண்டை கீறியிருக்கிறது, அவள் எட்ட வேண்டிய உச்சிக்கும் மேலே எட்டியிருக்கிறாள். இறங்கவில்லை, ஏறியிருக்கிறார்கள், இறங்கிவிடுவோமோ என்ற பயத்தில் நான் தூக்கினேன், தூக்கின கையை இறக்கவே இல்லை, அவர்களும் ஏறிவிட்டார்கள், மொத்தப் பாட்டும் அரைச் சுரம் ஏறி நிற்கிறது. அப்படியென்றால் கீபோர்டு எப்படிப் பொருந்தியது. செல்வினைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, கீபோர்டின் ஓரத்தில் இருக்கிற சின்னப் பட்டனின் மேல் கட்டைவிரல் இன்னும் இருக்கிறது. அந்தப் பட்டனை எனக்குத் தெரியும், ஒரு தட்டுத் தட்டினால் கீபோர்டு முழுவதும் அரைச் சுரம் ஏறிவிடும், கோயிலில் எங்கள் சாலமோன் மாதிரி ஆட்கள் எங்கேயாவது ஆரம்பித்துவிட்டால் செல்வின் அதைத் தட்டித்தான் மானத்தைக் காப்பாற்றுவார். இன்றைக்கு என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறார். ஹால் முழுக்கக் கைதட்டுகிறது. தாளாளர் ஐயாவுக்குக் காது கிடையாது, ஆசிரியர்களுக்கு இதையெல்லாம் கவனிக்க நேரம் கிடையாது, யாருக்கும் தெரியாது. திரும்பிக் கும்பிட்டால் போதும், டிராக் போய்விடும், குரல் தங்கிவிடும், அதற்குத்தானே இத்தனையும், நல்ல காரியத்துக்குத்தானே, செல்வினும் நல்ல மனசோடுதானே செய்தார், வாயை மூடிக்கொண்டு கும்பிடு கிருபா. ஆனால் ஊரே கைதட்டும்போது இந்த ஐம்பது சொச்சம் பிள்ளைகளும் தலை கவிழ்ந்து நிற்கிறார்களே. கீபோர்டு சரி என்று சொன்ன பிறகும், தாளாளர் எழுந்து நின்று தட்டின பிறகும், இவர்கள் ஒத்துக்கொள்ளவில்லையே. யாருக்குமே கேட்காத அரைச் சுரம், எனக்கே கேட்காதது, இவர்களுக்குக் கேட்கிறதே. சைக்கிள் செயின் குரலோடு வந்த முத்துப்பேச்சிக்கும் கேட்கிறதே. எனக்கு எத்தனையோ கோப்பை கிடைத்திருக்கிறது, ஆசிரியர் தினத்தன்று பொன்னாடை போர்த்தியிருக்கிறார்கள், ஒன்றும் இதற்கு ஈடு இல்லை. என் வாழ்க்கையில் இதைவிடப் பெருமையாக நான் நின்றதில்லை.

திரும்பினேன். கைதட்டல் ஓயும்வரை நின்றேன். "ஐயா, பிள்ளைங்க அரைச் சுரம் ஏறிட்டாங்க. நான்தான் கையைத் தூக்கி ஏத்திட்டேன். கீபோர்டும் எங்க மேல இரக்கப்பட்டு கூடவே ஏறி வந்துட்டு" என்றேன். செல்வின் முகம் சிவந்துபோனது. தாளாளர் ஐயா தட்டின கையைப் பிரிக்காமலே நின்றார்.

"நல்லாத்தான இருந்துச்சு டீச்சர்?"

"நல்லாத்தான் பாடுனாங்க. ஆனா நீங்க அளக்கச் சொன்னீங்க. அளவு தப்பிட்டு."

"இங்க யாருக்கும் தெரியலையே."

"பிள்ளைங்களுக்குத் தெரியுது ஐயா. பாருங்க."

அவர் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தார், வரிசை வரிசையாக, ஒவ்வொரு முகமாக. பென் டிரைவ்தான் என்று சொல்லப் போகிறார், சொல்லட்டும், ஒப்பந்தம் ஒப்பந்தம்தான், அழுதாலும் வீட்டுக்குப் போய்ச் சாலமோனிடம்தான் அழ வேண்டும், இங்கே இல்லை. பின்வரிசையிலிருந்து ஹெப்சி சொன்னாள், "டீச்சர், நாங்க இன்னொரு தடவை பாடுதோம். இந்தத் தடவை நாங்களே பாத்துக்கிடுதோம், நீங்க கையை அவ்வளவு தூக்க வேண்டாம்." யாரோ களுக்கென்று சிரித்து அடக்கிக்கொண்டார்கள். இத்தனை வருஷத்தில் என் கையைக் குறை சொன்ன முதல் ஆள், நான் வளர்த்த அடிக்குரல். தாளாளர் ஐயா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "செல்வின், அந்தப் பெட்டியை ஆஃப் பண்ணிட்டு நீங்களும் இங்க வந்து உக்காருங்க. அளக்கதுக்கு அங்க ஆள் நிக்காங்க" என்றார், பிள்ளைகள் பக்கம் தலையை அசைத்து. எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது, பிள்ளைகளுக்கு ஆகவில்லை, ஹெப்சி பல் தெரியச் சிரிக்கிறாள், அவளைப் பார்த்து எல்லாரும். "சிரிச்சது போதும், மூச்சு எடுங்க" என்றேன், என் குரல் நடுங்கியது, நடுங்கினால் நடுங்கட்டும், பாடப் போவது நான் இல்லை.